கேஸா, கரன்ட் அடுப்பா? ஐந்நூறு யூனிட்டுக்குள் ஒரு சமையல் கணக்கு

இன்டக்‌ஷன் மிச்சமா, கேஸ் மிச்சமா என்று யாரைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் சொல்பவர் வீட்டுக்குச் சரியாக இருக்கும். உங்கள் வீட்டுக்குத் தப்பாக இருக்கும். காரணம், தமிழ்நாட்டில் மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றுக்குக் கடைசி யூனிட் 2 ரூபாய் 35 காசு, மற்றொன்றுக்கு 9 ரூபாய் 45 காசு. அடுப்பு வாங்கக் கடைக்குப் போகும் முன் பார்க்கவேண்டியது ஈபி கார்டைத்தான்.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இரண்டு எரிபொருளும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்துதான் வருகின்றன. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கரையில், எண்ணூர்ப் பக்கம், கப்பலில் வரும் எல்பிஜியை இறக்கும் முனையம் இருக்கிறது. அதே கரையில்தான் 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையமும் வடசென்னை அனல்மின் நிலையமும் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கின்றன. இன்டக்‌ஷனில் புகையே இல்லை என்று பெருமைப்படுபவர்கள், புகை அத்திப்பட்டில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்த அத்தியாயம் குடும்பச் செலவையும் சமையலையும் பற்றியது. அதற்குள் வருவோம்.

கணக்கு

பூசலார் கையில் காசில்லாமல் மனத்திலேயே கல் அடுக்கிக் கோயில் கட்டிய ஊர் இது. கரன்ட் பில்லை மட்டும் மனக்கணக்கில் விடவேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. ஒரு கிலோவில் இருக்கும் வெப்பம் சுமார் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆக ஒரு சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் வெப்பம் அடைபட்டிருக்கிறது. இது முழுவதும் பாத்திரத்துக்குப் போவதில்லை. நல்ல கேஸ் அடுப்பு 68 சதவீதமாவது பாத்திரத்துக்குத் தரவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் நிபந்தனை. அது புது அடுப்பில், சோதனைக்கூடத்தில். பர்னர் துளையில் பொங்கிய பால் காய்ந்து கிடக்க, சின்னப் பாத்திரத்தைச் சுற்றித் தீ மேலே ஏறும் நம் அடுப்பில் 63-ஐ ஒட்டித்தான் இருக்கும். இன்டக்‌ஷனில் 85 சதவீதம் அளவுக்குப் பாத்திரத்தில் சேர்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இன்டக்‌ஷன் செய்ய ஏறத்தாழ 135 யூனிட் ஆகும்.

இந்த 135 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். சிலிண்டர் விலை எப்போது ஏறினாலும் இறங்கினாலும், அதை 135-ஆல் வகுங்கள். வருவது உங்கள் எல்லைக்கோடு. உங்கள் வீட்டில் கூடுதலாக ஓடும் யூனிட்டின் விலை அதற்குக் கீழே இருந்தால் இன்டக்‌ஷன் மிச்சம். மேலே இருந்தால் கேஸ் மிச்சம். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. வகுத்தால் 6 ரூபாய் 43 காசு. சிலிண்டரைத் தூக்கி மாடிக்கு ஏற்றித் தருபவருக்குக் கொடுக்கும் ஐம்பதையும் சேர்த்தால் 6 ரூபாய் 80 காசு.

இப்போது மின்வாரியத்தின் பக்கம். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35. 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. இந்தச் சலுகைப் பட்டியல் மொத்தம் 500-க்குள் நிற்கும் வீட்டுக்கு மட்டும். 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால் 2.35 என்ற படியே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதன் மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50. உங்கள் கையில் இருக்கும் கடைசி பில்லில் வேறு விலை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். நான் இந்த நூலில் சொல்லப்போகும் எல்லா மின்சார யோசனைகளும் இந்த ஓரத்தில் விழாமல் நடப்பதைப் பற்றியவைதான்.

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒன்றேகால் சிலிண்டருக்குக் கொஞ்சம் மேல். செலவு சுமார் 1,158 ரூபாய். அதே சமையலை முழுக்க இன்டக்‌ஷனில் செய்தால் 180 யூனிட்.

வீட்டில் ஃபேன், லைட், டிவி, சின்ன ஃபிரிட்ஜ் மட்டும். இப்போது 90 யூனிட் ஓடுகிறது, பில்லே வருவதில்லை என்றால், சமையல் சேர்ந்து 270 ஆகும். பில் 564. கேஸுக்குப் போன 1,158-ல் பாதிக்கு மேல் மிச்சம். 200 யூனிட் ஓடும் வீட்டில் 380 ஆகும். கூடுதல் பில் 846. மிச்சம் முந்நூறு ரூபாய்ச் சொச்சம். 350 ஓடும் வீட்டில்தான் கதை மாறுகிறது. 530 ஆகிவிடும். பில் 940-லிருந்து 2,292-க்குத் தாவும். கூடுதல் 1,352, கேஸைவிட இருநூறு ரூபாய் நட்டம். ஏசி ஓடி ஏற்கெனவே 650-ல் இருக்கும் வீட்டில் இந்த 180 யூனிட்டுக்கு 1,732 ரூபாய் ஆகும். அங்கே இன்டக்‌ஷன் ஆடம்பரப் பொருள்.

ஆனால் அந்த 350 யூனிட் வீட்டுக்காரர் இன்டக்‌ஷனையே தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. முழுச் சமையலையும் மாற்றாமல் 490-ல் நிறுத்திக்கொள்ளட்டும். அந்த 140 யூனிட்டுக்குக் கூடுதல் பில் 802. மிச்சமாகும் கேஸ் 900 ரூபாய்க்கு. நூறு ரூபாய் லாபம், அதைவிடப் பெரிய லாபம் சிலிண்டர் இன்னும் பல நாள் கூடுதலாக வருவது. இதைச் செய்ய ஒரே ஒரு பழக்கம் வேண்டும். ரீடிங் எடுத்துப் போன நாளிலிருந்து முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் என்று வருவதுதான் யூனிட். கார்டில் எழுதிய எண்ணைக் கழித்தால் 240-க்குள் இருக்கிறதா, அடுத்த மாதமும் அப்படியே நடத்துங்கள். தாண்டியிருந்தால் கேஸுக்குத் திரும்புங்கள். பாதி வழியில் தெரிந்தால் திருத்தலாம். பில் குறுஞ்செய்தியாக வந்தபின் ஒன்றும் செய்யமுடியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஏப்ரல், மே, ஜூனில் ஏசி ஓடும், யூனிட் ஏறும், கணக்கு கேஸ் பக்கம் சாயும். ஆனால் அதே மாதங்களில்தான் அடுப்படியில் நிற்க முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில் தீக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பவருக்கு, இன்டக்‌ஷன் தரும் குளிர்ச்சிக்கு விலை போட முடியாது. ஃபேன் போட்டால் கேஸ் தீ ஆடும், அணையும். இன்டக்‌ஷனுக்கு ஃபேனால் ஒன்றும் ஆகாது. வீட்டில் யார் சமைக்கிறாரோ அவரிடம் கேட்டு முடிவுசெய்யவேண்டிய இடம் இது. வரவேற்பறை ஏசியை ஒரு மணி நேரம் குறைத்துவிட்டு அந்த யூனிட்டை அடுப்படிக்குத் தரலாம் என்பது என் கட்சி. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும்; அந்த ஒரு யூனிட்டில் பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்கும்.

வாடகை வீடு, மானியச் சிலிண்டர்

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். தனி ஈபி இணைப்பு உள்ள வீடாக இருந்தால் சரி. ஓனர் ஒரே இணைப்பு வைத்து, சப்மீட்டரில் பார்த்து யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ வாங்குகிறார் என்றால் இலவச நூறும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. ஆறு ரூபாய்ச் சொச்சம் என்ற எல்லைக்கோட்டை முதல் யூனிட்டிலேயே தாண்டிவிட்டீர்கள். கேஸ்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கரன்ட் எப்படி என்று கேட்டுவிடுங்கள்.

உஜ்வலா இணைப்பு உள்ளவர்களுக்குச் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வருகிறது. 2025 ஏப்ரல் விலையில் அவர்களுக்குச் சிலிண்டரின் உண்மை விலை 568. 135-ஆல் வகுத்தால் 4.20. அதனால் 200 யூனிட் வரைக்கும்தான் அவர்களுக்கு இன்டக்‌ஷன் மிச்சம்.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டு, திருநின்றவூரில் வாடகை குறைவு என்று இரண்டு மூன்று பேராக ரூம் எடுத்துத் தங்கும் இளைஞர்களுக்கு நிலைமை வேறு. பெரிய சிலிண்டர் இணைப்புக்கு டெபாசிட், முகவரிச் சான்று என்று அலைவதற்குப் பதில் இன்டக்‌ஷன் ஒன்று வாங்கிவிடுவது லேசு. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போனாலும், இரண்டு பேருக்குச் சோறு குழம்பு வைக்க இரண்டு மாதத்தில் ஆகும் செலவு ஓட்டல் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கூட வராது. கூடவே ஐந்து கிலோ சின்னச் சிலிண்டர் ஒன்று இருந்தால் மழைக்காலத்துக்கு ஆகும். தெருவோரம் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு நிரப்பித் தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். அது உயிர் விஷயம்.

கும்மிடிப்பூண்டி உலையும் சமையலறைத் தட்டும்

இந்த அடுப்பு எப்படிச் சுடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தப் பாத்திரம் ஆகும், எது ஆகாது என்று யாரையும் கேட்கவேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருப்பார். அங்கே பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளில் இருக்கும் இன்டக்‌ஷன் உலையின் கொள்கைதான் இது. செம்புச் சுருளில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் ஓடும். அது உண்டாக்கும் காந்தப்புலம் இரும்புக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். இரும்பு தானே சூடேறும். உலையில் டன் கணக்கில் இரும்பு உருகுகிறது. சமையலறையில் 1,800 வாட்டில் உங்கள் பாத்திரத்தின் அடி சூடேறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடித் தட்டு தானாகச் சுடுவதில்லை. பாத்திரத்தின் சூட்டைத்தான் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

ஆக அடுப்பு என்பது உண்மையில் பாத்திரத்தின் அடிதான். காந்தம் ஒட்டாத பாத்திரத்தில் இந்த வேலை நடக்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் பரணில் உள்ளதையும் சேர்த்து எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்தால் ஆகும். வழுக்கி விழுந்தால் ஆகாது. பழைய அலுமினியக் குக்கர், அலுமினிய இட்லிப் பானை, செம்பு, பித்தளை, மண்சட்டி, கல்சட்டி எல்லாம் விழுந்துவிடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அப்படியே. எவர்சில்வரில் பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. சீர் வரிசையில் வந்த கனமான பாத்திரம் பெரும்பாலும் ஒட்டாத ரகம். எடை அதிகம் என்பதால் ஆகும் என்று நினைக்கவேண்டாம். இரும்பு எதுவானாலும் ஒட்டும்.

ஒட்டினால் மட்டும் போதாது, அடி தட்டையாக இருக்கவேண்டும். அம்மா கொடுத்த இரும்பு வாணலி உருண்டை அடியோடு இருக்கும். தட்டில் ஒரு புள்ளிதான் தொடும். அதேபோல் அடி மிகச் சின்னதாக இருந்தாலும் அடுப்பு அதைப் பாத்திரம் என்றே ஒப்புக்கொள்ளாது. தாளிப்புக் கரண்டியை வைத்துவிட்டு பீப் பீப் என்று கத்துகிறதே என்று நிற்பவர்கள் பலர். அடி விட்டம் நான்கு ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும்.

அடுப்பு விலை இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். உண்மையான செலவு பாத்திரத்தில் இருக்கிறது. இன்டக்‌ஷன் அடி வைத்த ஐந்து லிட்டர் குக்கர், தட்டை அடிக் கடாய் ஒன்று, பால் பாத்திரம் ஒன்று: இந்த மூன்றும் வாங்கிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் முழு செட்டாக எடுக்கச் சொல்வார்கள். வேண்டாம், எது தேவைப்படும் என்பது ஆறு மாதம் சமைத்த பிறகுதான் தெரியும்.

எதை எதில் சமைப்பது

தண்ணீர் கொதிப்பது, வேகவைப்பது எல்லாம் இன்டக்‌ஷனுக்கு. முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 1,800 வாட்டில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பத்தில் ஒரு யூனிட். 4.70 படியில் 45 காசு. கேஸில் அதே வேலைக்குப் பத்து கிராம் எரிவாயு, 62 காசு. 8.40 படியில் இன்டக்‌ஷனுக்கு 80 காசு. குடிதண்ணீரைத் தினமும் காய்ச்சி ஆற்றும் வீடுகளில் இந்த ஒரு வேலையை மாற்றினாலே சிலிண்டரில் வித்தியாசம் தெரியும். டிகாக்‌ஷனுக்கு வெந்நீர், பால் காய்ச்சுவது, குக்கரில் பருப்பு, சோறு, இட்லி, முட்டை, கிழங்கு எல்லாம் இந்தப் பக்கம் வரட்டும்.

குக்கர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேஸில் பழகிய விசில் எண்ணிக்கை இங்கே செல்லாது. 1,800 வாட்டில் வைத்தால் ஆவி சீக்கிரம் சேர்ந்து விசில் அடுத்தடுத்து வரும். பருப்பு உள்ளே பாதிதான் வெந்திருக்கும். முதல் விசில் வந்ததும் 600, 800 வாட்டுக்கு இறக்கி, விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். டைமர் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்பது இதில் கிடைக்கும் பெரிய வசதி. விசில் கேட்டதா இல்லையா என்று காதை அடுப்படியிலேயே வைத்திருக்கவேண்டியதில்லை.

தோசை விஷயத்தில்தான் பலர் இன்டக்‌ஷனைக் கைவிடுகிறார்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தட்டுக்கு அடியில் இருக்கும் சுருளின் அகலம் ஏழு அங்குலம் அளவு. நம் தோசைக்கல் பதினோரு, பன்னிரண்டு அங்குலம். இரும்பு சூட்டைப் பக்கவாட்டில் மெதுவாகத்தான் கடத்தும். விளைவு: நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாக நிற்கும். வேண்டுமானால் 800 வாட்டில் ஐந்தாறு நிமிடம் கல்லை மெல்லக் காயவிட்டு, ஒன்பது அங்குலத்துக்குள் தோசை ஊற்றுங்கள். ஊத்தப்பம், அடை சுமாராக வரும். பெரிய முறுகல் தோசைக்கு கேஸின் வட்டத் தீதான். காய்ந்த இரும்புக்கல்லைக் கண்ணாடித் தட்டில் இழுத்து நகர்த்தவேண்டாம், கீறும். ஒரே தாவலில் 2,000 வாட்டுக்கு ஏற்றினால் கல் வளைந்தும் போகும்.

சப்பாத்தியைத் தீயில் காட்டி உப்பவைப்பது, அப்பளம் சுடுவது, கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்வது, மண்சட்டியில் மீன்குழம்பு, உருண்டை வாணலியில் வடை, தாளிப்பு: இவை எல்லாம் தீயின் வேலை. இவற்றுக்கு மாற்று தேடி அலையாதீர்கள்.

பாயசம், அல்வா, வத்தக்குழம்பு மாதிரி சிம்மில் நிற்கவேண்டிய சமையல் இரண்டுங்கெட்டான். விலை குறைந்த இன்டக்‌ஷனில் 300 வாட் என்று திரையில் காட்டினாலும், உண்மையில் அது ஆயிரம் வாட்டில் சில நொடி எரிந்து, சில நொடி நின்று, சராசரியைத்தான் 300 ஆக்குகிறது. எரியும் அந்த நொடியில் மெல்லிய பாத்திரம் அடிபிடிக்கும். அடி கனமான பாத்திரம் இருந்தால் சமாளிக்கலாம். இல்லையென்றால் கேஸில் சின்ன பர்னர்.

பிறகு நேரம். ரயிலைப் பிடிக்க வீட்டை விட்டு ஆறரைக்குக் கிளம்பும் குடும்பத்தில், ஐந்து மணிக்கு மேல் காலைச் சிற்றுண்டி, மதிய டப்பா, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். ஒற்றை இன்டக்‌ஷன் தட்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஒன்றுதான். இரண்டு பர்னர் கேஸுடன் மூன்றாவது அடுப்பாக அது உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும்: குக்கர் அங்கே, தோசை இங்கே, சாம்பார் தாளிப்பு பக்கத்தில். கேஸை ஒப்படைத்துவிட்டு முழுக்க மின்சாரத்துக்குப் போகச் சொல்லி இந்த ஊர்க் குடும்பம் எதற்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், எதை எதில் என்று பிரியுங்கள்.

பிளக், வோல்டேஜ், மழை

1,800 முதல் 2,000 வாட் அடுப்பு எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன ஐந்து ஆம்பியர் பாயின்ட்டில் அடாப்டர் வைத்துச் சொருகினால் ஓடத்தான் செய்யும், கொஞ்ச நாளில் பிளக் பழுப்பேறும், பிறகு உருகும். பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அதற்கு மெயின் போர்டிலிருந்து குறைந்தது 2.5 எம்எம் வயர் தனியாக வரவேண்டும், எர்த் இருக்கவேண்டும். கிரைண்டர், கீசர், இன்டக்‌ஷன் மூன்றையும் ஒரே லைனில் ஓடவிடவேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், எர்த் கசிவில் டிரிப் ஆகும் கருவி வீட்டில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இது ஓடாது. எண்ணூறு, தொள்ளாயிரம் விஏ இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான். மாலை ஆறு மணிக்கு மேல் லோ வோல்டேஜ் உள்ள புது நகர்களில் அடுப்பு திரையில் ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அது கோளாறு இல்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. வாங்கும் முன் ஒரு வாரம், சமைக்கும் நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கிப் பாருங்கள். 180-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால், அடுப்பு வாங்குவதற்கு முன் மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் புகார் பதிவு செய்யுங்கள். கரன்ட் போய் வரும் வேகத்தில் உள்ளே இருக்கும் ஐஜிபிடி என்ற உறுப்பு போவதுதான் இந்த அடுப்பின் வழக்கமான சாவு. கரன்ட் போனால் பிளக்கை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. அடுத்த எதிரி கரப்பான்பூச்சி. அடியில் உள்ள காற்றுத் துளை வழியே புகுந்து போர்டில் குடியேறும். இரவில் துணி போட்டு மூடி உயரத்தில் வையுங்கள்.

மின்சாரத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இந்தப் பகுதி ஏற்கெனவே பாடம் நடத்தியிருக்கிறது. 2012 செப்டம்பரில் மத்திய அரசு மானியச் சிலிண்டரை ஆண்டுக்கு ஆறு என்று சுருக்கியபோது இன்டக்‌ஷன் அடுப்பைத் தேடி ஓடினார்கள். அதே ஆண்டுதான் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னை நகருக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும். புது அடுப்பு பரணுக்குப் போனது. சிலிண்டர் வரம்பு 2013-ல் ஒன்பதாகவும், 2014-ல் பன்னிரண்டாகவும் உயர்ந்தபின் அதை யாரும் இறக்கவுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் புறநகரிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்போது சோறு பொங்கியது கேஸ் இருந்த வீட்டில்தான். ஐப்பசி பிறக்கும் முன் இரண்டாவது சிலிண்டரை நிரப்பி வையுங்கள். ஏரி நிறைந்தால் தண்ணீர் புகும் தாழ்வான நகர்களில், சிலிண்டரை மேடையிலோ மாடிப்படியிலோ ஏற்றிவிடுங்கள். காலிச் சிலிண்டர் மிதக்கும்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் பேசுங்கள். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இன்டக்‌ஷனில் தீ இல்லை என்றாலும் எண்ணெய் எரியும். 2,000 வாட்டில் கடாயை வைத்துவிட்டுப் போனை எடுக்கப் போகாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் சுருளிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. அவர் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளட்டும்.

கடையில்

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பாத்திரமும் அந்தக் காந்தத்தையும் கொண்டுபோங்கள். “அக்கா, இதுல எல்லாப் பாத்திரமும் வைக்கலாம்” என்று ஒரு அடுப்பைக் காட்டுவார்கள். அது இன்டக்‌ஷன் இல்லை, இன்ஃப்ராரெட். உள்ளே கம்பி சிவந்து தட்டையே சுடவைக்கும் ரகம். அலுமினியம், மண்சட்டி எல்லாம் வைக்கலாம் என்பது உண்மை; தோசைக்கல்லும் பரவாயில்லை. ஆனால் சூடேற நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் தட்டு கொதிக்கும், யூனிட்டும் கூட இழுக்கும். நம் 135 என்ற எண் அதற்குப் பொருந்தாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

இன்டக்‌ஷனில் தொடு பலகையா, அழுத்தும் பட்டனா என்றால் நான் பட்டன் பக்கம். ஈரக் கையோடு சமைக்கும் அடுப்படியில் தொடு பலகை அடம்பிடிக்கும். வாட் அளவை நேரடியாக எண்ணில் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். தோசை, சப்பாத்தி, கறி என்று படம் போட்ட பட்டன்களை ஒரு மாதத்துக்குமேல் யாரும் தொடுவதில்லை. சர்வீஸ் சென்டர் ஆவடியிலோ திருவள்ளூரிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணா சாலை வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றால் அந்த அடுப்பு ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். சமைத்து முடித்ததும் உள்ளே ஃபேன் ஓடி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். வாரன்ட்டி முடிவதற்குள் போர்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் குழாய் வழி எரிவாயு தரும் உரிமம் டோரண்ட் கேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பகுதி பகுதியாகத்தான் குழாய் போகிறது. உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் சிலிண்டர் பதிவு, காத்திருப்பு என்ற தொல்லை போகும். பர்னரின் ஜெட்டை மட்டும் அவர்கள் ஆள் வந்து மாற்றித் தரவேண்டும், நீங்களாகத் தொடக்கூடாது. சொந்த வீடும் மொட்டைமாடியும் உள்ளவர்கள் பிஎம் சூரிய வீடு திட்டத்தைப் பார்க்கலாம்: ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் தகடு நாளைக்கு நான்கு யூனிட் அளவு தரும். நாலு பேர் சமையலுக்கு ஆவது நாளைக்கு மூன்று யூனிட். தகடு ஏறிவிட்டால் 500 என்ற ஓரம் எட்டத் தள்ளிப்போய்விடும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். தென்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மேலே ஒரு தளம் எடுக்கப்போகிறாரா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.